ஏட்டையும் பறையையும் இணைத்தவர்



கலைக்கும் மக்களுக்கும் தம்மை ஒப்படைத்த தமிழாசிரியர் ஒருவரை இவ்விழாவில் நினைவுகூருமாறு பணித்தீர்கள். தமிழ் கற்பிக்கும் எங்களுக்கெல்லாம் மூத்த உடன்பணியாளராய் விளங்கிய பேராசிரியர் முனைவர் கே.ஏ. குணசேகரன் அவர்களைப் பற்றிப் பேச விழைகின்றேன். செஞ்சிக்கு அண்மையிலுள்ள புதுவையில்தான் அவர் நெடுங்காலம் பணியாற்றினார். 2016 சனவரித் திங்களில் மறைந்ததும் அங்கேதான்.

இளையான்குடியை அடுத்த மாரந்தையில் 1955-இல் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வறுமையும் தீண்டாமையும் தம் இளமையில் பதித்த தழும்புகளை, 2005-இல் வெளிவந்த 'வடு' என்னும் தன்வரலாற்றில் எழுதினார். அந்நூல் இரக்கம் வேண்டி எழுதப்பட்டதன்று. சான்று கூறுவதற்காக எழுதப்பட்டது. இளையான்குடி இசுலாமியரிடம் கண்ட தோழமையையும் அதில் மறவாமல் பதிவு செய்தார்.

நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்த அறிஞர் பலர் உளர். அவர்தம் தொண்டு பெரிது. ஆயினும் பாடல் அச்சேறும்போது மெட்டு உதிர்ந்துவிடுகிறது. பாடியவர் பெயரும் பல வேளைகளில் மறைந்துவிடுகிறது. குணசேகரனாரோ தாமே பாடகர். ஏட்டில் எழுதியதை மேடையில் பாடினார். 'தன்னானே' கலைக்குழுவை நடத்தினார். சின்னப்பொண்ணு போன்ற கிராமத்துப் பாடகர்களை உலகறியச் செய்தார். சாவு வீட்டுக்கே உரியதென ஒதுக்கப்பட்ட பறையை, மதிப்புக்குரிய இசைக்கருவியாக அரங்கில் முழங்கச் செய்தோருள் அவரும் ஒருவர். கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை ஊர்தோறும் கொண்டு சென்றது அவர் குரலே. கவிதை, தாளைவிட்டு எழுந்து தெருவில் நடந்த காட்சி அது. கவிஞர்களாகிய நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாசு சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராகவும், சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் இயக்குநராகவும் பணிபுரிந்தார். உயர்ந்த இருக்கைகள் அவர் குரலைத் தாழ்த்தவில்லை. அவருடைய 'பலி ஆடுகள்' நாடகம் ஒடுக்கப்பட்டோரின் துயரைக் கூறுவதோடு அமையாது, அவருள்ளும் பெண்ணே இருமடங்கு ஒடுக்கப்படுகிறாள் என்பதையும் துணிந்து காட்டுகிறது. தம் மக்களை நேசித்தவர், அம்மக்களிடத்திலும் கேள்வி கேட்டார். சமூகப் பற்று என்பதன் பொருள் இதுவென்று கருதுகின்றேன்.

அன்பர்களே, செஞ்சியில் நின்று அவரை நினைப்பதற்குத் தனிப்பொருள் உண்டு. கோட்டையைக் காண்பதற்கு வருவோர் இராசகிரியின் உயரத்தை வியந்து மீள்கின்றனர். ஆனால் அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை ஒரு வழியைக் கண்டார். அவருக்கு அவ்வழியைக் காட்டியவை மேலச்சேரித் திரௌபதியம்மன் கோயிலும், பாரதக் கதை கூறுவோரும், விடிய விடிய ஆடும் தெருக்கூத்துக் கலைஞர்களுமே. கடல் கடந்து வந்தவர் அவர்களை ஆசான்களாகக் கொண்டார். நாம் அவர்களை எவ்வாறு கொள்கின்றோம்?

கூத்தரைத் திருவிழாவுக்கு அழைக்கின்றோம்; கருத்தரங்குக்கு அழைப்பதில்லை. அவர் ஆடலாம், பேசுவதற்கு முனைவர் பட்டம் பெற்றோர் வேண்டும் என்பது நம் கல்வியுலகின் வழக்கு. அவ்வழக்கைத் தம் வாழ்வால் உடைத்தவர் குணசேகரனார். அவர் வாழ்வில் பாடியவரும் பேசியவரும் ஒருவரே.

ஆதலின் இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில் இவ்வட்டாரக் கூத்து வாத்தியார் ஒருவர் தலைமை ஏற்று உரையாற்றட்டும். அவர்தம் உரை, அவர் பெயரோடு, நம் அடுத்த மலரில் அச்சேறட்டும். உரிய மதிப்பூதியமும் வழங்குவோம். சிலையைவிடவும் இரங்கற்பாவைவிடவும் அப்பேராசிரியருக்கு உகந்த நினைவு அதுவே.