மலைச்சரிவில் மனை கட்டுவோர்க்குச் சில வார்த்தைகள்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சொந்த வீடு கட்டுவோர்க்கு உதவும் யோசனைகள் சில கூற வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். நம்மவருள் மேல்மலையிலும் கீழ்மலையிலும் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருப்போர் உண்டு. வத்தலக்குண்டு, பெரியகுளம், பழனி முதலிய அடிவாரத்தூர்களில் இருந்துகொண்டு கொடைக்கானலில் ஒரு துண்டு மனை வாங்கியிருப்போரும் உண்டு. இருசாராரும் வீட்டுக்கென ஒதுக்கும் பொருள் எத்தகையதென்பதை நாம் அறிவோம். தோட்டத்தை ஈடு வைத்தும், பெண்டிர் கழுத்து நகையை விற்றும் சேர்த்த பணம் அது. அப்பணம் ஓர் ஐப்பசி மழையில் சேறாய்ச் சரிந்தோடக் கண்ட குடும்பங்களும் நம்மிடையே இல்லாமலில்லை. ஆதலின் முகப்பழகையும் வர்ணத்தையும் தரைக்கிடும் கல்லையும் பற்றி இன்று பேசப் போவதில்லை. தண்ணீரைப் பற்றியே பேசுவோம்.

சமவெளியில் மழைநீர் வீட்டைச் சுற்றி நிற்கும். மலையிலோ வீட்டின் அடியிற் புகுந்து நடக்கும். நீர் புகுந்த மண் கனக்கிறது. கனக்கும்போதே அதன் பிடியும் தளர்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கு மேற்பட்டோரை மண்சரிவு கொண்டுபோயிற்று. 2024 ஜூலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை என்னும் ஊர்கள் அழிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டதைப் பத்திரிகைகளில் வாசித்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் நம் மலையேறிய போது மரமும் மண்ணும் சாலையை மறித்ததை நேரிற் பார்த்தவர்களும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். இவை பெருங்கேடுகள். ஆனால் வீடு கட்டுவோரை வருத்துவது பெரும்பாலும் இதனினும் சிறிய விஷயமாகும். வீட்டின் பின்புறத்துத் தடுப்புச் சுவர் ஒன்று விழுந்து சமையலறையை மூடிவிடுவதே அது.

ஏன் விழுகிறது? கணக்கைப் பாருங்கள். பத்தடி உயரமுள்ள சுவரின் பின்னால் நீர் தேங்கி மேல்மட்டம்வரை நிறைந்தால், அந்நீர் மட்டுமே சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் ஏறத்தாழ 1,400 கிலோ பாரத்தோடு முன்தள்ளும். மண் தள்ளுவது வேறு. முப்பதடிச் சுவருக்கு எவ்வளவென்று வீட்டுக்குப் போய்ப் பெருக்கிப் பாருங்கள். எத்துணைச் சிமெண்டும் கம்பியும் இட்டாலும் நீரை அடைத்து வைத்துப் போராடுகிறவன் தோற்பான். நீரை வெளியே விடுகிறவனுக்குப் போராட்டமே இல்லை. சுவரில் ஐந்தடிக்கொரு துளையாக, கீழிருந்து மேலே வரிசை வரிசையாய், வெளிப்புறம் சற்றுச் சாய்வாகக் குழாய்த் துண்டுகளை வைத்துக் கட்டுதல் வேண்டும். துளையின் பின்னே மண்ணை நேரே கொட்டலாகாது; ஓரடி கனத்துக்கு உடைகல்லும் ஜல்லியும் நிரப்பிய பிறகே மண்ணிடல் வேண்டும். சுவரின் தலைக்கு மேலே, மேட்டு நீர் சுவரை அணுகாதபடி, ஒரு கல்வாய்க்கால் குறுக்கே ஓடல் வேண்டும். 'துளை வைத்தால் பார்வைக்கு நன்றாயிராது' என்று பூசி மூடிவிடும் மேஸ்திரிமார் உண்டு. அன்னாரிடம் தயவுதாட்சணியம் பாராட்டாதீர்கள்.

இது புதிய சாஸ்திரமன்று. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் படிப்படியாய் அமைந்த வயல்களைப் பாருங்கள். சாந்து படாமல் கல்மேற் கல்லடுக்கி, உட்புறம் சாய்த்துக் கட்டிய வரப்புச் சுவர்கள் அவை. ஒவ்வோர் இடுக்கும் நீர் கசியும் வழியாதலால் மழைக்குப்பின் மழையாக அவை தாங்குகின்றன. அவ்வித்தை கைவந்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்க, வெள்ளைப் பூண்டு விளைவிக்கும் அவர்தம் பேரர்கள் வீடு கட்டும்போது மட்டும் நகரத்து மேஸ்திரியைத் தேடி ஓடுவது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

இனி, மனை வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை வைகாசியில், சீசன் காலத்தில், புல் காய்ந்து வானம் தெளிந்திருக்கும்போது மனை பார்க்க வருகிறார்கள். அப்பொழுது எந்த மனையும் நல்ல மனையே. ஐப்பசி கார்த்திகையில் குடை பிடித்துக்கொண்டு வந்து பாருங்கள். மேட்டுத் தண்ணீர் எவ்வழியாக இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்பதை நிலமே காட்டும். கோடையிலும் ஓரிடத்தில் மட்டும் கோரை பசேலென்று நின்றால் அங்கே ஊற்று உண்டென அறிக. அதன்மேல் அஸ்திவாரம் போடாதீர்கள். மரங்களின் அடித்தண்டு வளைந்து பிறகு நேராய் எழும்பியிருந்தால், அச்சரிவின் மண் மெள்ள மெள்ள நகர்ந்துகொண்டிருக்கிறதென ஐயுற வேண்டும்.

மனையைச் சமன் செய்வதில் நேரும் பிழையே பெரிது. மண்வாரி இயந்திரத்தைக் கொணர்ந்து மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்திற் கொட்டி, பந்தாடலாம் போன்ற ஒரு மைதானம் செய்துகொள்கிறார்கள். வீட்டின் பாதி கெட்டி மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. கொட்டிய மண் சில மழைக்குள் இறங்கும். கெட்டி மண் இறங்காது. சுவர் நடுவே பிளக்கும். சரிவை வெட்டாமல் வீட்டையே இரண்டு மூன்று படியாக இறக்கிக் கட்டுதல் நலம். மேற்படியில் படுக்கையறை, கீழ்ப்படியில் அடுக்களை. இடையே நாலைந்து படிக்கட்டு. முதியோர்க்குச் சற்றே சிரமந்தான். ஆயினும் அஸ்திவாரம் முழுதும் கெட்டி நிலத்தில் அமையும். இமயத்தின் சாரலில் பித்தோராகட்டில் பல்லாண்டு வாழ்ந்து கட்டடங்கள் எழுப்பியவரும் பின்னர்க் கேரளத்தில் புகழ்பெற்றவருமான லாரி பேக்கர், நிலத்தின் போக்கைக் குலைக்காமல் உள்ளூர்ப் பொருளைக் கொண்டு கட்டுதலையே வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார்.

இவ்விடத்தில் நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லாமற் போவதற்கில்லை. தகப்பனார் நிலத்தைச் சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போது மேட்டுப்பங்கு தமையனுக்கும் பள்ளத்துப்பங்கு தம்பிக்குமாக எல்லைக்கல் நடுகிறார்கள். தண்ணீருக்குப் பங்கு வைப்பாரில்லை. தமையன் வீடு கட்டித் தன் கூரைநீரையும் முற்றத்து நீரையும் கீழே திருப்புகிறான். ஓரங்குல மழை பெய்தால் 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து மட்டும் ஏறக்குறைய 2,300 லிட்டர் இறங்கும். முன்பு புல்லிலும் மண்ணிலும் ஊறியது இன்று ஒரே குழாயாய்த் தம்பியின் சுவரிற் பாய்கிறது. தம்பி வாய்க்காலை அடைக்கிறான். நீர் திரும்பித் தமையன் அஸ்திவாரத்தை அரிக்கிறது. பின்பு பேச்சு நின்றுபோகிறது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போகாமல் வருஷங்கள் கழிகின்றன. இந்த வழக்குகளைச் சங்கத்துப் பெரியோர் தீர்க்க முயன்று பாதியில் விட்டதும் உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போதே மேட்டுநீர் எவ்வழி போகும், வாய்க்கால் எத்தனை அடி அகலம், அதைச் செப்பனிடும் செலவில் எவரெவர்க்கு எவ்வளவு பங்கு என்று எழுதிப் புலப்படத்தில் கோடும் போட்டுக் கொள்ளுங்கள். நீர்வழி உரிமைகள் 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் அடங்கும். எனினும் கோர்ட்டுக்குப் போய் நிலைநாட்டும் உரிமையினும் பத்திரத்தில் ஒரு வரி மலிவு. கழிவுத்தொட்டிக்கும் இதுவே முறை. தம்பியின் ஊற்றுக்கு மேலே தமையன் மலக்குழி வெட்டுவது எவ்வகையிலும் தகாது.

அனுமதி விஷயத்தைச் சுருங்கச் சொல்வோம். மரம் வெட்ட 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப்பாதுகாப்புச் சட்டத்தின்படி உத்தரவு வேண்டும். ஹாக்கா என்று வழங்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுவின் எல்லைக்குட்பட்ட கிராமமா என்று விசாரித்தல் வேண்டும். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று இவற்றோடு நிறுத்தாமல், மனையின் எந்த ஓரமும் ஓடைப் புறம்போக்கையோ காப்புக்காட்டையோ தொடுகிறதா என்று அளந்து பாருங்கள். இரண்டு தளத்துக்கு அனுமதி பெற்று ஏழு தளம் எழுப்பிய ஒரு ஹோட்டலின் வழக்கு 1995-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்று, விலக்கு செல்லாதென்றே முடிந்தது. 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நகரில் அனுமதியற்ற கட்டடங்கள் பல பூட்டி முத்திரையிடப்பட்டன. செல்வர்க்கு அது நஷ்டம். பிரயாணிகளுக்கு அறை வாடகைக்கு விடலாமென்று கடன்பட்டு மூன்றாம் மாடி எழுப்பிய நம் போன்றோர்க்கு அது குடும்ப நாசம்.

1845-ல் மதுரை அமெரிக்க மிஷனார் கொடைக்கானலில் முதன்முதல் கட்டிய இரு பங்களாக்களுள் ஒன்றுக்கு 'ஸன்னி ஸைட்', அதாவது வெயில்படும் பக்கம், என்று பெயரிட்டனர். அப்பெயரிலேயே ஒரு யோசனை இருக்கிறது. ஏழாயிரம் அடி உயரத்தில் காலை வெயில் ஒரு செல்வம். அது படாத அறையில் துணி உலராது. சுவரிற் பூஞ்சணம் பிடிக்கும். குழந்தைகட்குச் சளி விடாது. தாய்மார்கள் பகலெல்லாம் புழங்கும் அறைக்கு அவ்வெயிலைக் கொடுங்கள். வரவேற்பறை நிழலில் இருந்தால் குடி முழுகாது. வாசற்படி கிழக்கு நோக்க வேண்டுமென்று சாஸ்திரம் பார்த்து, மேட்டு மண்ணை முட்டும்படி வாசல் வைத்த வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம். வாசல் வழியே மழைநீரே முதலில் கிரகப்பிரவேசம் செய்கிறது.

கூரை சரிவாயிருத்தல் வேண்டும். இறவாணம் சுவரைத் தாண்டி இரண்டடியாவது நீளல் வேண்டும். தட்டையான மாடி மலைக்கு ஏற்றதன்று. வேலையைப் பொங்கல் கழித்துத் தொடங்கி ஆவணிக்குள் கூரை மூடிவிடுவது முறை. குளிரில் கான்கிரீட் மெதுவாகவே இறுகுமாதலால், தை மாதத்திற் போட்டதற்குச் சமவெளியில் முட்டுப் பலகை பிரிக்கும் நாட்கணக்கு உதவாது. மேலும் சில நாள் விட்டுவைத்து, இரவில் உறைபனி படாதபடி வைக்கோலோ சாக்கோ போர்த்துங்கள்.

மரங்களின் தேர்வையும் சுண்ணாம்புச் சாந்தையும் பற்றி அடுத்த கூட்டத்திற் பேச உத்தேசித்திருக்கிறோம். இவ்வருஷம் கட்டத் தொடங்குவோர் தத்தம் புலப்படத்தை அன்று கையோடு கொண்டுவந்தால், மேட்டுநீர் வழியை அதன்மேல் உட்கார்ந்து வரைந்து பார்க்கலாம்.