அம்மாவின் பரீட்சையை நான் எழுதினேன்

(ஸ்காபரோவில் நடந்த எங்கள் மாதாந்தச் சந்திப்பில் ஒரு தோழர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழியை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



முதலில ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேணும். எனக்குப் பதினாறு வயதிருக்கும். அம்மா வேலை செய்த பக்டரியில இருந்து ஒன்லைனில ஒரு பாதுகாப்புப் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தவை. இரவு வேலையால வந்து, சோத்துக் கோப்பையோட இருந்துகொண்டு அம்மா சொன்னா: "பிள்ளை, இதை ஒருக்காச் செய்து விடு. நாளைக்குக் குடுக்கவேணுமாம்." நான் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, கேள்விகளுக்கு விடையை அமத்தி, சான்றிதழை பிரின்ட் எடுத்துக் குடுத்தன். நூற்றுக்கு நூறு. அடுத்தநாள் அம்மா அதே மெஷினில, அதே மாதிரித்தான் நின்றா.

இதை நீங்களும் செய்திருந்தால் கையை உயர்த்துங்கோ. (பாதிப்பேருக்கு மேல் கை உயர்த்தினார்கள்.) அதுதான் நினைச்சன்.

இந்தப் பயிற்சி எங்கயிருந்து வந்தது எண்டு யாரும் எங்களுக்குச் சொல்லேல்லை. 2009 டிசம்பர் 24, நத்தாருக்கு முதல்நாள். ரொறன்ரோ, கிப்ளிங் அவெனியூவில ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில பல்கனி திருத்திற வேலை. பதின்மூன்றாம் மாடி உயரத்தில தொங்கின மேடை உடைஞ்சுது. ஐந்து பேர் விழுந்தினம். நாலு பேர் செத்துப்போச்சினம். எல்லாரும் எங்களைப்போல வெளியிலயிருந்து வந்த ஆக்கள். மேடையில நின்ற எல்லாருக்கும் போதுமான பாதுகாப்புக் கயிறுகூட அங்க இருக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் ஒன்ராறியோ அரசு டோனி டீன் தலைமையில ஒரு நிபுணர் குழுவை வைச்சது. 2010 டிசம்பரில அறிக்கை வந்தது. 2014 ஜூலை 1 முதல் எல்லாத் தொழிலாளருக்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயமாச்சு. நான் சத்தமில்லாமல் ஓடவிட்ட வீடியோ அந்த நாலு உயிரின்ர விலை.

சட்டம் வந்து இரண்டு வருஷத்தில, 2016இல, நோர்த் யோர்க்கில ஃபியேரா ஃபூட்ஸ் பேக்கரியில ஏஜன்சி மூலம் போன 23 வயதுப் பெண்ணின்ர தலைத்துணி மெஷினில சிக்கி, அவ செத்துப்போனா. நிறுவனத்துக்கு மூன்று லட்சம் டொலர் தண்டம். ரொறன்ரோ ஸ்டார் நிருபர் ஒருத்தர் ஏஜன்சித் தொழிலாளியாகவே அங்க போய் வேலை செய்து, தனக்குக் கிடைச்ச பாதுகாப்புப் பயிற்சி ஐந்து நிமிஷம்தான் எண்டு 2017இல எழுதினா.

ஏன் இப்பிடி? முதலாளிக்குத் தேவையானது கோப்பில ஒரு தாள். இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டலாம். ஆள் விழுந்தால், "நாங்கள் படிப்பிச்சனாங்கள்" எண்டு சொல்லலாம். இப்ப அதுக்குப் புள்ளி, பதக்கம், விளையாட்டு எல்லாம் சேர்த்து, தொழிலாளியின்ர கவனத்தைப் பிடிக்கிறம் எண்டு விக்கினம். பிரச்சினை கவனம் இல்லை, தோழர்களே. பயிற்சியில ஒரு கேள்வி வரும்: ஆபத்தான வேலையை மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கா? "ஆம்" எண்டு அமத்தினால் சரி. ஆனால் மறுத்தால் நாளைக்கு ஏஜன்சியில இருந்து போன் வராது எண்டது அம்மாவுக்குத் தெரியும். உண்மையான கேள்விக்கு விடை அவவிட்டத்தான் இருக்கு. அதை அந்தப் பயிற்சி கேட்கிறேல்லை. தனக்குத் தெரிஞ்சதைச் சொல்ல இடமில்லாத வகுப்பில ஆர் விழிச்சிருப்பினம்?

அந்த உரிமைகூட வகுப்பறையில பிறக்கேல்லை. 1974இல எலியட் லேக்கில யுரேனியம் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தினம். அதால ஹாம் ஆணைக்குழு வந்தது, பிறகு 1970களின்ர கடைசியில சட்டம் வந்தது. அறியிற உரிமை, பங்குபற்றிற உரிமை, மறுக்கிற உரிமை. மூன்றும் போராடி எடுத்தவை.

பாவுலோ பிரெய்ரே 1963இல பிரேசிலின்ர அங்கிக்கோஸ் ஊரில முந்நூறு பேரளவில, நாற்பது மணித்தியாலத்தில எழுத்தறிவிக்க முயன்றார். அவற்ர முறையில பாடம் "செங்கல்" மாதிரி, அவையின்ர வாழ்க்கையில இருக்கிற சொல்லில துவங்கும். செங்கல் அடுக்கிறவனுக்கு அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கு.

போன மாரியில நாங்களும் ஒண்டு செய்து பார்த்தம். தொழிற்சங்கங்கள் பாவிக்கிற உடல் வரைபட முறை. எங்கட பேஸ்மென்ற்ல அம்மாவும் அவவோட வேலை செய்யிற ஐந்து பேரும். பெரிய தாளில ஒரு உடம்பைக் கீறி, "எங்க நோகுது, அங்க சிவப்புப் பொட்டு ஒட்டுங்கோ" எண்டு மட்டும் சொன்னன். முதல் சிரிச்சினம். பிறகு ஒவ்வொருத்தராய் ஒட்டிச்சினம். முடிவில வலது தோள்மூட்டு முழுக்கச் சிவப்பு. ஒரு அன்ரி சொன்னா: "நான் எனக்கு வயசு போட்டுதெண்டு நினைச்சன். இது மேசையின்ர உயரமடி." ஆரும் மணி பார்க்கேல்லை. தேத்தண்ணி ஆறிப்போச்சு. தனித்தனியாச் சொன்னால் முறைப்பாடு, ஆறு பேரும் சேர்ந்து சொன்னால் பங்குபற்றிற உரிமை. பாதுகாப்புக் குழுவில இருக்கிற தொழிலாளர் பிரதிநிதியிட்டப் போய்ச் சொல்லியிருக்கினம். மேசை இன்னும் உயரேல்லை. ஆனால் அவை ஒவ்வொரு கிழமையும் கேட்கினம்.

இனி எங்களைப் பற்றியும் சொல்லவேணும். எங்கட ஸூம் அரசியல் வகுப்பில எத்தனை கமெரா நிற்பாட்டிக் கிடக்கு? நாங்களும் நாற்பது ஸ்லைட்டைப் போட்டு, கடைசியில "கேள்வி இருக்கா?" எண்டு கேட்கிறம். முதலாளியின்ர வீடியோவுக்கும் எங்கட வகுப்புக்கும் உள்ளடக்கம்தான் வேற. முறை ஒண்டுதான்.

ஆகவே மூன்று வேலை. ஒண்டு, அம்மா அப்பாவுக்காக இனிக் கிளிக் பண்ணாதேங்கோ. பக்கத்தில இருந்து, நிறுத்தி நிறுத்தி, "உங்கட இடத்தில இது எப்பிடி?" எண்டு கேளுங்கோ. இரண்டு, முதலாளியோ சட்டமோ வேலைக்குக் கட்டாயமாக்கிற பயிற்சி வேலை நேரம்தான். இரவு சோபாவில செய்தாலும் சம்பளம் உண்டு. மூன்று, 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்தில பாதுகாப்புக் குழு இருக்கவேணும், அங்கத்தவர் பெயர் தொழிலாளர் பார்க்கக்கூடிய மாதிரி இருக்கவேணும். அந்தப் பெயரைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கோ.

அடுத்த சந்திப்புக்கு வேலைத்தலத்தில நிற்கிற ஒருத்தரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ. அவை கதைக்கட்டும். ஸ்லைட் இல்லாமல் நாங்கள் கேட்பம்.