வெள்ளத்தின் குறுக்கே மண்கரை

திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலையும் ஆரணியும் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி ஓடுகின்றன. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் ரயில் பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் தெற்கு வடக்காகப் போகின்றன. மழைநீர் போகும் வழிக்குக் குறுக்கே இரண்டு நீண்ட மண்கரைகள்! சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் சரக்கும், ஹவுரா ரயில்களும் இவற்றின் மேல்தான் ஓடுகின்றன.

பெருமழையில் இப்படிப்பட்ட கரை, யாரும் கேட்காமலே அணையாகிவிடுகிறது. ஒரு பக்கம் நீர் தேங்கி நிற்க, கரைக்குள் ஈரம் ஏறுகிறது. மண் துகள்களுக்கு இடையில் நீரின் அழுத்தம் கூடக் கூட, அவற்றின் பிடிமானம் குறைந்து சரிவு நழுவுகிறது. நீர் மேலேறி வழிந்தாலோ ஜல்லியே அடித்துச் செல்லப்படுகிறது.

2023 டிசம்பரில் தெற்கே தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்தது இதுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் மண்ணும் ஜல்லியும் கரைந்துபோய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அன்று ரயிலை நிறுத்தியதால் உயிர்கள் தப்பின. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

வெள்ளம் புதிதல்ல. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். வங்கக் கடலும் சூடாகிவருகிறது. பல நாளில் பெய்ய வேண்டியது சில மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. கோடையும் கெடுதல் செய்கிறது: களிமண் கலந்த கரை வெயிலில் வெடிக்கிறது, ஐப்பசி மழை அந்த வெடிப்புகள் வழியே நேராக உள்ளே இறங்குகிறது.

திருவள்ளூரில் கரையை இன்னும் உயர்த்துவது பலருக்குத் தோன்றும் தீர்வு. அது தண்டவாளத்தைக் காக்கலாம். தேங்கும் நீரை மேற்கே உள்ள ஊர்களுக்குள் தள்ளிவிடும். மனைகளையும் ஆலை வளாகங்களையும் மண் கொட்டி உயர்த்தும்போது நீர் நிற்கும் இடம் இன்னும் சுருங்குகிறது.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியவை கரைக்கு அடியில் உள்ள சிறுபாலங்கள். பழைய மழைக் கணக்கில் கட்டியவற்றை இன்றைய மழைக்கு ஏற்ப அகலப்படுத்த வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசிக்குள் அவற்றில் அடைத்திருக்கும் மண்ணையும் குப்பையையும் அகற்ற வேண்டும். சரிவில் வெட்டிவேர் நட்டு, அடிப்பகுதியில் கல் பதித்தால் அரிப்பு குறையும். மழை இரவுகளில் விளக்குடன் தண்டவாளத்தில் ரோந்து நடக்கும் ஊழியர்களுக்கு, எந்தச் சிறுபாலத்தில் நீர் எவ்வளவு ஏறும் என்பது அத்துப்படி. சிறுபாலங்களைத் திட்டமிடும் மேசையில் அவர்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும்.