வந்து வந்து போகும் சிவப்பு விளக்கு

(தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நடந்த சாரதிமார், பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த இடத்தில் நின்று சத்துணவு, தடுப்பூசி, குடிநீர் என்று தான் நாங்கள் பேசுவோம். இன்றைக்கு ஒரு வேனைப் பற்றிப் பேசப் போகிறோம். நலன்புரி வேலைக்கும் வேனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நம்ம பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும், கர்ப்பிணித் தாய் ஆஸ்பத்திரிக்குப் போவதும் இருபது, முப்பது வருஷம் ஓடின பழைய வாகனங்களில் தானே. அது தான் சம்பந்தம்.

மலை வீதியின் இறக்கத்தைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா - ரதல்ல குறுக்கு வீதியில் பஸ், வேன், முச்சக்கரவண்டி மூன்றும் மோதி 7 பேர் இறந்த செய்தி எல்லா லயத்திலும் பேசப்பட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு, நம்ம சொந்தக் கதையைக் கேளுங்கள்.

டிஸ்பென்சரி வேலைக்கு ஓடும் பழைய டீசல் வேன் உங்களுக்குத் தெரியும். அதில் சாரதிக்கு முன்னால் உள்ள டாஷ்போட்டில் பிரேக்குக்கு ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. ஒரு நாள் மேல் டிவிசனிலிருந்து இறங்கும்போது அது பளிச்சென்று எரிந்தது. வளைவு தாண்டினதும் அணைந்துவிட்டது. மறுநாளும் அப்படித்தான். டவுனுக்குள்ளே, சம வீதியிலே எரியவே இல்லை. சாரதித் தம்பி டாஷ்போட்டைக் கையால் தட்டி, "இதுக்கு வேற வேலை இல்லீங்க ஐயா, வரும் போகும்" என்றார். நாங்களும் சிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போனோம். ஒரு மாதம் இப்படியே ஓடியது.

பிறகு ஒரு மழை இரவு. பிரசவ வலியோடு ஒரு தாயை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். மூன்றாவது வளைவில் விளக்கு எரிந்தது, இந்த முறை அணையவில்லை. "ஐயா, பெடல் கீழே போவுது" என்று தம்பி மெதுவாகச் சொன்னார். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று தான் அப்படிச் சொன்னார். பெடலை விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கோயிலடித் திட்டியில் நிறுத்தினார். வேறொரு வாகனம் வரவழைத்துத் தாயை அனுப்பினோம். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் மழையில் நின்றதை நாங்கள் மறக்கவில்லை.

அடுத்த நாள் கராஜ் பாஸ் வந்தார். வாகனத்தைத் தொடவில்லை, முதலில் கேள்வி தான் கேட்டார். எப்போது எரிகிறது? ஏற்றத்திலா, இறக்கத்திலா? வளைவிலா? பிரேக் மிதிக்கும்போதா? மழையிலா, வெயிலிலா? டாக்டர் நோயாளியைக் கேட்கிற மாதிரித் தான். வந்து போகிற விளக்குக்கு அது வருகிற நேரம் தான் அடையாளம் என்றார். இறக்கத்திலும் வளைவிலும் மட்டும் எரிகிறது என்றதும் நேரே பிரேக் ஒயில் போத்தலைத் திறந்தார். ஒயில் கீழ்க் கோட்டோடு நின்றது.

அரைக்குடம் தண்ணீரைச் சாய்த்தால் ஒரு பக்கம் குறையும் அல்லவா? அதே கதை தான். போத்தலுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. சம வீதியில் ஒயில் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. இறக்கத்தில் ஒயில் ஒரு பக்கம் ஓட மிதவை தாழ்ந்து விளக்கு எரிகிறது. சமமானதும் அணைகிறது. அணைந்தது என்றால் சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு தான் கவனமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் எத்தனை தரம் சொல்லியிருக்கிறோம்! இங்கே நாங்களே ஏமாந்துவிட்டோம்.

அதிலும் ஒரு பிழை நடந்திருந்தது. தம்பி இரண்டு தரம் ஒயில் ஊற்றி நிரப்பியிருக்கிறார். விளக்கு சில நாள் அணைந்தது, வருத்தம் அப்படியே இருந்தது. பிரேக் ஒயில் டீசல் மாதிரி எரிந்து தீருகிற சாமான் இல்லை. குறைந்தால் இரண்டு காரணம் தான் பெரும்பாலும். ஒன்று, லைனர் தேய்ந்திருக்கும், அந்த இடத்தை நிரப்ப ஒயில் இறங்கியிருக்கும். மற்றது, எங்கேயோ கசியும். பாஸ் பின் சில்லைக் கழற்றினபோது வீல் சிலிண்டர் கசிந்து உள்ளே ஈரமாக இருந்தது. வெளியில் ஒரு சொட்டும் தெரியவில்லை.

இனி, நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

முதலாவது, ஹேண்ட் பிரேக். பெரும்பாலான வாகனங்களில் அதற்கும் இதே விளக்கு தான். இழுத்தால் எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். சரியாக விடுபடாமல் நின்றாலும், அதன் சுவிட்ச் பழுதானாலும் குலுக்கத்தில் விளக்கு மின்னும். இழுத்தும் எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், சுவிட்ச் பழுதாகியிருக்கலாம், அல்லது யாராவது வயரைக் கழற்றியிருக்கலாம். அது தான் எல்லாவற்றிலும் மோசம்.

இரண்டாவது, சம இடத்தில் நிறுத்தி ஒயில் மட்டத்தைப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நான்கு சில்லின் உட்புறமும் ஈரமா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஒயில் சரி, பிரேக்கும் சரி, ஆனால் மழையிலும் பனியிலும் வாகனம் கழுவின பிறகும் மட்டும் எரிகிறது என்றால், போத்தல் மூடியில் வரும் வயரையும் அதன் பிளக்கையும் சந்தேகப்படலாம். ஆனால் பிரேக்கைப் பார்த்த பிறகு தான் வயரைக் குறை சொல்ல வேண்டும்.

நான்காவது, பிரேக் விளக்கும் பெற்றரி விளக்கும் சேர்ந்து எரிந்தால் பெல்ட்டையும் ஒல்டர்நேட்டரையும் காட்டுங்கள். சில பழைய டீசல் வாகனங்களில் பிரேக்குக்கு உதவும் வெக்யூம் பம்ப் அதன் முதுகில் தான் இருக்கிறது.

ஒயில் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற சாதாரண ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் குடித்த பிறகு 140 பாகை தாங்கினால் போதும் என்பது தான் அதன் அளவுகோல். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடி வந்தால் அந்தச் சூடு வரலாம். ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஆகவே ஏறின கியரிலேயே இறங்குங்கள். பழைய ஒயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை மட்டும் ஊற்றவே கூடாது. உள்ளே உள்ள ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

முச்சக்கரவண்டி ஓட்டும் தம்பிமாரே, உங்கள் வண்டியில் இந்த விளக்கே இல்லாமல் இருக்கலாம். அப்போது உங்கள் கால் தான் விளக்கு. நேற்றைவிட இன்றைக்குப் பெடல் ஆழமாகப் போனால் ஓட்டத்தை நிறுத்திக் காட்டுங்கள்.

இப்போது எங்கள் வேனில் ஒரு ஐம்பது பக்கக் கொப்பி இருக்கிறது. எந்த விளக்கு எரிந்தாலும் திகதி, இடம், ஏற்றமா இறக்கமா, மழையா வெயிலா என்று தம்பி எழுதுகிறார். நாங்கள் கிழமைக்கு ஒரு தரம் வாசித்துக் கையெழுத்து வைக்கிறோம். கொப்பியின் விலை பெரிதில்லை. அந்த ஒரு மாதம் இது இருந்திருந்தால் அந்தத் தாய் மழையில் நின்றிருக்க மாட்டார்.

தாய்மாருக்குக் கடைசியாக ஒன்று. பிள்ளைகளை அனுப்பும் வேனில் சிவப்பு விளக்கு எரிவதைப் பிள்ளை சொன்னால், "அது என்ன தம்பி?" என்று சாரதியிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. சாரதித் தம்பிமாரே, கேட்டால் கோபப்படாதீர்கள். அன்றைக்குப் பக்கத்து சீட்டில் இருந்த நாங்கள் கேட்கவில்லை. அந்தக் குற்றம் தம்பியுடையது மட்டுமில்லை, எங்களுடையதும் தான்.