இரண்டு சில்லில் தலவில



கணவனும் மனைவியுமாய் மோட்டார் சைக்கிளில் பால்கன் நாடுகளைச் சுற்றிவருகிறவர்கள் உலகில் பலர் இருக்கிறார்கள். காலையில் ஒரு நாடு, மாலையில் இன்னொன்று. மொழி மாறும், வழிபாடு மாறும், சாப்பாடு மாறும். நானும் என் மனைவியும் எங்கள் மோட்டார் சைக்கிளில் கொழும்பிலிருந்து, புனித அன்னம்மாள் ஆலயம் இருக்கும் தலவில வரை போய்வந்தோம். தூரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். எந்த எல்லையையும் தாண்டாமலே அந்த மாற்றமெல்லாம் எங்களுக்குக் கிடைத்தது.

இருள் பிரியுமுன் புறப்பட்டோம். நீர்கொழும்பைத் தொட்டதும் மீன் வாடை. தெருவுக்குத் தெரு மாதா சொரூபம். சிலாபத்தில் முன்னேஸ்வரம் சிவன் கோயில். அதற்கு வடக்கே, வீதியை விட்டுக் கடற்பக்கம் இறங்கினால் உடப்பு. திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் தமிழ் மீனவர் ஊர் அது. காரில் போனால் இவையெல்லாம் பெயர்ப்பலகைகள். மோட்டார் சைக்கிளிலோ ஒவ்வோர் ஊரும் மூக்கில் ஏறுகிறது.

பாலாவிச் சந்தியில் புத்தளம் வீதியை விட்டு இடப்பக்கம் திரும்பினோம். இனிக் கற்பிட்டிக் குடாநாடு. வலப்பக்கம் களப்பு, இடப்பக்கம் கடல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். வழியில் ஒரு தேநீர்க்கடை. கடைக்காரரின் பேச்சில் யாழ்ப்பாணம் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை தஞ்சம் புகுந்தது இந்தப் புத்தளம் மண்ணில்தான். முப்பது வருடம் கடந்தும் விட்டுவந்த ஊரின் பேச்சு நாவை விட்டுப் போகவில்லை.

மாம்புரி, நுரைச்சோலைப் பக்கம் வந்தபோது காற்று பிடித்துக்கொண்டது. மணலில் வெங்காயமும் மிளகாயும் பச்சைப் பாத்திகளாக விரிகின்றன. அவற்றுக்கு அப்பால் காற்றாலைகள். கரையோரம் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி. தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து குறுக்கே அறைகிறது. "கொஞ்சம் மெதுவாப் போங்கோ" என்றார் மனைவி. வேகத்தைக் குறைத்தேன். காற்று தள்ளும்போது பின்னால் இருப்பவர் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி தடுமாறும். ஓட்டுகிறவரோடு சேர்ந்து சாய்ந்தால் நேராக ஓடும். சொல்லிக் கொடுக்காமலே இரண்டு பேரும் அன்று அதைப் பழகிக்கொண்டோம்.

தலவிலவில் புனித அன்னம்மாள் ஆலயம் கடலைப் பார்த்து நிற்கிறது. மரியாளின் தாய் அன்னம்மாள். மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்த போர்த்துக்கேயர் ஒருவர் களைத்து மரத்தடியில் உறங்கி, அங்கே அன்னம்மாளின் உருவத்தைக் கண்டார் என்று ஒரு கதை. கப்பல் உடைந்து கரையேறிய வணிகர் ஒருவர் ஆலமரத்தில் சொரூபத்தை வைத்து நேர்ந்துகொண்டார் என்று இன்னொரு கதை. இரண்டிலும் வருகிறவன் களைத்துப்போன வழிப்போக்கன். இப்போதுள்ள ஆலயம் 1843 இல் எழுந்தது. உள்ளே முதிரை மரவேலைப்பாடு. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் திருவிழா. அப்போது மரநிழலெல்லாம் கொட்டில்களாகும். சிங்களமும் தமிழும் கலந்து செபம் கேட்கும். வேற்று மதத்தவரும் வருவார்கள். பிள்ளை வரம் கேட்டுத் தம்பதியர் வருவார்கள்.

நாங்கள் போனது திருவிழா இல்லாத நாள். ஆலயத்தில் ஏழெட்டுப் பேர். மனைவி மெழுகுதிரி ஏற்றினார். பிறகு இருவரும் மணலில் இருந்து வெகுநேரம் கடலைப் பார்த்தோம். தலைக்கவசத்துக்குள் கத்திக் கத்திப் பேசிவந்த எங்களுக்கு அங்கே பேச்சே தேவைப்படவில்லை.

நேயர்களே, திருவிழாவுக்கும் போங்கள், சாதாரண நாளிலும் ஒருமுறை போங்கள். இருவராகப் போங்கள். காற்று வலுக்குமுன் பாலாவியைத் தாண்டிவிடுங்கள். பின்னால் இருப்பவருக்கும் உங்களுடையதைப் போலவே நல்ல தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.