ஆறு கிலோ
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அஞ்சு நிமிஷம்தான்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே விஷயம்.

எங்கள் தெருவில் ஒரு கூத்து வாத்தியார் இருந்தார். சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அர்ச்சுனன் தபசன்று மரம் ஏறுபவர் அவர்தான். அவர் காலமான பிறகு, தகரப் பெட்டியில் இருந்த பாட்டு நோட்டுகளும் நோட்டீஸ்களும் பழைய பேப்பர் கடைக்குப் போயின. "எவ்வளவு வந்துது?" என்று கேட்டேன். "ஆறு கிலோண்ணே" என்றார் மகன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாரிடம் கொடுப்பது என்று அவருக்கும் தெரியாது. படித்த எனக்கும் அன்று தெரியாது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசையும் நம் கூத்து மாதிரிதான். பாதி, மேடையில் அந்த நேரத்துக் கற்பனை. அதைப் படித்தவர்கள் பலர் மதிக்காத காலம் ஒன்று இருந்தது. மார்ஷல் ஸ்டேர்ன்ஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர், 1952-ல் நியூயார்க்கில் தம் வீட்டிலேயே ஜாஸ் ஆய்வு நிலையம் தொடங்கினார். 1966-ல் அது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது. மேரி லூ வில்லியம்ஸ் என்ற பியானோ கலைஞரின் இசைக் குறிப்புகளும் கடிதங்களும் இன்று அங்கே பத்திரமாக இருக்கின்றன. லூயி ஆம்ஸ்ட்ராங் தம் பேச்சையும் வாசிப்பையும் தாமே டேப்பில் பதிந்து வைத்தார். அவர் வாழ்ந்த வீடு 2003 முதல் அருங்காட்சியகம்.

நம்மிடமும் ஆள் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீஸையும் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தார். சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனாலும் அது கடல் தாண்டவில்லை. 1994-ல் சென்னையிலேயே நூலகமாயிற்று.

செஞ்சிப் பக்கத்து மேலச்சேரி திரௌபதி கோயிலைப் பற்றி அமெரிக்கர் ஹில்டபைட்டல் 1988-லேயே புத்தகம் போட்டுவிட்டார். பக்கத்திலேயே இருந்த நாம் என்ன செய்தோம்?

வீட்டில் நாதஸ்வரமோ, மிருதங்கமோ, பேண்டு செட்டோ வாசித்த பெரியவர் இருந்தால், அவர் பெட்டியைத் திறந்து பாருங்கள். போட்டோவின் பின்னால் பென்சிலால் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். பழைய காகிதத்தை லேமினேட் பண்ணாதீர்கள். பெரியவர் உயிரோடு இருந்தால் பேசச் சொல்லி செல்போனில் பதியுங்கள். நம் சங்கம் கல்லூரி நூலகத்துக்கு ஒரு பீரோ வாங்கித் தரட்டும். முதல் நன்கொடை என்னுடையது.

இன்னொரு ஆறு கிலோ எடைக்குப் போக வேண்டாம்.