தரைக்கு ஒரு கவசம்



வீடு கட்டுகிறவர் கூரையின் உறுதியைப் பார்க்கிறார். வாயிற்கதவின் வேலைப்பாட்டைப் பார்க்கிறார். கார் நிறுத்தும் கூடத்தின் தரை மட்டும் கடைசியில்தான் அவர் நினைவுக்கு வருகிறது. எண்ணெயும் சேறும் சக்கரங்களின் சூடும் நாள்தோறும் தாக்குவது அந்தத் தரையைத்தான். ஆகவே, சிமெண்டுத் தரையின்மேல் எபாக்ஸி என்னும் பூச்சைப் பூசி, அதற்கும் மேலே தெளிந்த மேற்பூச்சு ஒன்றை இடும் வழக்கம் பரவியிருக்கிறது. தளப்பூச்சு வேலைகளை மேற்பார்வையிடுகிறவன் என்ற முறையில் அந்த மேற்பூச்சைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

எபாக்ஸி என்பது ஒரு பிசின். 1930-களிலும் 1940-களிலும் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் காஸ்தான், அமெரிக்காவைச் சேர்ந்த சில்வன் கிரீன்லீ ஆகியோரின் ஆராய்ச்சியால் அது தொழிலுக்குப் பயன்பட்டது. பிசினையும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் உரிய அளவில் கலந்தால், இரண்டும் வினைபுரிந்து கல்போல் கெட்டிப்படுகின்றன. சிமெண்டைப் பற்றிக்கொள்வதில் அதற்கு இணை சொல்வது கடினம். ஆயினும் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். நாளடைவில் மாவுபோல் உதிரவும் செய்யும். மணல் ஒட்டிய சக்கரங்கள் உருண்டால் எளிதில் கீறல் விழும்.

இவ்விரண்டையும் தாங்கவே மேற்பூச்சு. அலிஃபாட்டிக் பாலியூரிதேன், பாலியஸ்பார்ட்டிக் என்பவை இதற்கு ஏற்றவை. வெயிலில் இவை எளிதில் நிறம் மாறுவதில்லை. ஆனால் மேற்பூச்சு தெளிவாக இருப்பதால் ஒளி அதை ஊடுருவி அடியில் உள்ள எபாக்ஸியைத் தொடக்கூடும். ஆகையால் வாங்கும்போது, புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மழைக்கால் வைத்து நடக்கும் இடமானால், வழுக்காமலிருக்க நுண்ணிய அலுமினியம் ஆக்ஸைடு மணலையும் கலக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். மேற்பூச்சு அடியில் உள்ளதைக் காக்கும். அடியில் உள்ள நோயைத் தீர்க்காது. முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் இரு கைகளாய் அணைத்துக் கிடக்கும் தீவு ஸ்ரீரங்கம். பக்கத்திலேயே திருவானைக்காவில் கருவறையிலேயே நீர் ஊறுகிறது. இத்தகைய மண்ணின்மேல் போட்ட சிமெண்டுத் தரைக்குக் கீழிருந்து ஈரம் ஏறுவது இயல்புதானே? அந்த ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சுக்கு அடியில் அடைபட்டால், கொப்புளம் கிளம்பும். பூச்சு தோல்போல் உரியும். எத்தனை விலையுயர்ந்த மேற்பூச்சும் அதைத் தடுக்காது.

இதை முன்கூட்டியே அறிய எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டுவிடுங்கள். தாளுக்கு அடியில் நீர் முத்துக்கள் கோத்திருந்தாலோ, சிமெண்டு கறுத்திருந்தாலோ, எபாக்ஸி வேலையைத் தொடங்காதீர்கள். முதலில் ஈரத்திற்குப் பரிகாரம் தேடுங்கள்.

அடுத்தது காலம். எபாக்ஸி காய்ந்த பிறகு மேற்பூச்சு இடுவதற்கென்று ஒரு கெடு உண்டு. உற்பத்தியாளர் அதைத் தாளில் குறித்திருப்பார். அந்தக் கெடுவுக்குள் இட்டால் இரு பூச்சுகளும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். கெடு தப்பினால், வழவழப்பான எபாக்ஸியின்மேல் மேற்பூச்சு பற்றாது. அப்போது உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்த பின்பே இட வேண்டும். நமது சித்திரை வெயிலில் இந்தக் கெடு மேலும் சுருங்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு விதமான தொல்லை. எனக்குத் தெரிந்த ஸ்ரீரங்கத்து வீடொன்றில், அடைமழைக்கு நடுவே அவசரமாக வேலையை முடித்தார்கள். காலையில் பார்த்தால் மேற்பூச்சு முழுதும் குமிழிகள். வீட்டுக்காரர் கடன் வாங்கிச் செலவழித்த பணம் ஓர் இரவில் பாழாயிற்று. பாலியூரிதேனில் உள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகும். அந்த வாயுதான் குமிழியாக நின்றது. தரையின் வெப்பம், பனி கோக்கும் நிலையைவிட மூன்று டிகிரி செல்சியஸாவது மேலே இருந்தாலன்றிப் பூசலாகாது. ஈரக்காற்றில் காய்ந்த எபாக்ஸியின்மேல் மெழுகுபோல் ஒரு படலம் படிவதும் உண்டு. அதை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி உலர்த்திய பிறகே தேய்க்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலம் பரவுமேயன்றி அகலாது.

இவையெல்லாம் தரையைப் பற்றியவை. தரையைவிட மேலானது ஒன்று உண்டு; அது பூசுகிறவரின் நுரையீரல். ஐசோசயனேட்டின் ஆவியைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் அதற்குக் கூச்சம் கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சை முட்டச் செய்யும். அத்தொழிலாளி அந்தத் தொழிலையே விட நேரும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது தூசிக்கு ஆகலாம், ஆவிக்கு ஆகாது. கதவுகளைத் திறந்து காற்றோட்டம் செய்வது, ஆவியைத் தடுக்கும் தகுந்த முகக்கவசம், கையுறை ஆகியவற்றுக்கான செலவை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். கூலி குறைத்துக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கவசம் எங்கே என்று கேட்பவர்களை அரிதாகவே பார்க்கிறேன்.

ஸ்ரீரங்கத்து மூலவர் திருமேனி சுதையாலானது. ஆகவே அதற்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்புச் சாத்துகிறார்கள். ஒருமுறை செய்து ஓய்ந்துவிடாமல், காலம் பார்த்துத் திரும்பத் திரும்பச் செய்யும் பேணுதல் அது. எந்தக் காப்புக்கும் அதுவே நெறி. மேற்பூச்சும் சில ஆண்டுகளில் தேயும். எபாக்ஸி வெளியே தெரியும்முன் இன்னொரு பூச்சு இட்டால் தரை பிழைக்கும். ஈரம் பார்த்து, கெடு பார்த்து, பூசுகிறவரின் மூச்சையும் பார்த்துச் செய்த வேலையே நெடுநாள் நிற்கும்.